சிட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர்?

ஊதாத் தேன்சிட்டு அலகு நுனியிலிருந்து வால்வரை சுமார் 10 செ.மீ. 400 மிமீ லென்ஸை வைத்து 20 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால் சென்சாரில் விழும் பிம்பம் 2 மிமீ. ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் 22 மிமீக்குச் சற்று மேலே. படத்தின் அகலத்தில் பதினொன்றில் ஒரு பங்குதான் பறவை. 800 மிமீ வாங்கினால் 4 மிமீ ஆகும். பழைய 400 மிமீயோடு 5 மீட்டர் வரை நெருங்கிவிட்டால் 8 மிமீயைத் தாண்டும். லென்ஸுக்குப் பணம் சேர்க்கிறவர்கள் முதலில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. கடலூர், சிதம்பரம் பக்கம் அந்த 5 மீட்டர் கிடைக்கிற இடங்கள் இருக்கின்றன.

*

பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் குறுகிய வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகுதான் போகும். இரண்டு பக்கமும் சுரபுன்னையின் முட்டுவேர்கள் தண்ணீரில் இறங்கி நிற்கும். “அண்ணே, கொஞ்சம் துடுப்ப நிறுத்துங்க” என்றால் படகுக்காரர் ஒரு கிளையைப் பிடித்துக்கொள்வார். சிறுநீல மீன்கொத்தி வேரின் வளைவில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும். தூரம் மூன்று மீட்டர், மிஞ்சினால் நான்கு.

இங்கேதான் யாரும் பார்க்காத ஓர் எண் முக்கியமாகிறது: லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும்? 2020இல் வந்த கேனன் ஆர்எஃப் 800 மிமீ எஃப்/11 எடை குறைவு, விலையும் அந்த நீளத்துக்குக் குறைவு. ஆனால் 6 மீட்டருக்கு உள்ளே அதற்குக் கண் தெரியாது. 600 மிமீ எஃப்/11க்கு 4.5 மீட்டர். வாய்க்காலுக்குள் இரண்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கேனன் 100-400 இரண்டாம் பதிப்பு ஒரு மீட்டருக்குள்ளேயே பிடிக்கும். நிக்கான் 200-500க்கு 2.2 மீட்டர். பிச்சாவரத்துக்கென்றே ஒரு லென்ஸ் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு 100-400 என்பேன்.

*

வெளிச்சம். அலையாத்திக் கூரைக்குக் கீழே காலை எட்டு மணிக்கும் இருட்டுதான். எஃப்/5.6க்கும் எஃப்/11க்கும் இரண்டு ஸ்டாப் வித்தியாசம், அதாவது வெளிச்சம் கால் பங்காகிவிடும். ஐஎஸ்ஓ 1600இல் முடிகிற வேலை 6400 கேட்கும். சிட்டு ஒரு கணம் சும்மா இராது. ஷட்டர் 1/1000 நொடிக்குக் கீழே இறங்கினால் தலை கலங்கிவிடும். லென்ஸுக்குள் இருக்கும் நடுக்கம் தடுப்பான் நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். பறவையின் துள்ளலை அது ஒன்றும் செய்ய முடியாது.

*

படகில் டிரைபாட் வேண்டாம். படகின் ஆட்டம் முழுவதும் அதன் கால்வழியே கேமராவுக்கு ஏறும். கையில் பிடிப்பதே மேல். அப்படியானால் எடைதான் தீர்ப்பு: நிக்கான் 200-500 சுமார் 2.3 கிலோ, கேனன் ஆர்எஃப் 100-400 (மேலே சொன்ன 100-400 அல்ல, வேறு) வெறும் 635 கிராம். பின்னது 400 மிமீயில் எஃப்/8 என்பது குறைதான். என்றாலும் ஒரு மணி நேரம் தூக்கிப்பிடிக்க முடிகிற லென்ஸுக்குத்தான் பறவை அகப்படும்.

*

சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லை பிச்சாவரத்தில் நிறைய உண்டு. கிளை ஒடிந்தால் பால் வடியும். கண்ணில் பட்டால் ஆபத்து. மறைக்கிற இலையை விலக்கிவிட்டு அதே விரலால் கண்ணைத் துடைக்கக் கூடாது. இலையை விலக்காமலிருப்பது பறவைக்கும் நல்லது. கூடு தென்பட்டால் கேமராவைத் தாழ்த்திக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுக் குருவியை வரவழைப்பதும் வேண்டாம்.

*

பரங்கிப்பேட்டை, வெள்ளாற்று முகத்துவாரம். குளிர்காலத்தில் கொசு உள்ளான் வந்து சேற்றை நிமிண்டிக்கொண்டிருக்கும். சைபீரியத் தூந்திரத்தில் குஞ்சு பொரிக்கிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற பறவை. இங்கே ஒளிந்துகொள்ள மரமில்லை. 600 மிமீ இங்கேதான் உதவும்; டாம்ரான், சிக்மா இரண்டிலும் 150-600 உண்டு. ஆனால் ஒன்பது மணிக்கு மேல் சேற்றிலிருந்து வெக்கை கிளம்பி நடுவிலுள்ள காற்றே நெளியத் தொடங்கும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. வெயில் ஏறுமுன் மண்ணில் படுத்துக்கொண்டு, பறவையின் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்கிக் காத்திருந்தால் அதுவே கிட்டே வரும். தரையில் விரிக்க ஒரு தார்ப்பாயும் கேமரா சாமான்தான்.

*

வீராணம் ஏரிக்கரைமேல் காரை நிறுத்தி, இறங்காமல் எடுப்பது உத்தமம். நெல் நிரப்பிய துணிப்பையைக் கண்ணாடி விளிம்பில் போட்டு அதன்மேல் லென்ஸை வைக்கலாம். நாணலில் கதிர்க்குருவி வாலை ஆட்டுவது வரை தெளிவாக விழும்.

*

2018இல் வந்த நிக்கான் பி1000 சொல்லிக்கொள்வது 3000 மிமீ. சென்சார் சுண்டுவிரல் நகமளவு. நல்ல வெயிலில், கம்பியில் உட்கார்ந்திருக்கும் பஞ்சுருட்டானை அடையாளம் காண அருமையான கருவி. அலையாத்தி நிழலில் படம் மாவாகிவிடும். பறவைகளைப் பெயர் சொல்லிப் பழகத் தொடங்கும் பள்ளிப்பிள்ளைக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

*

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும் காட்டுயிர் ஒளிப்படக்காரருமான மா. கிருஷ்ணன் (1912–1996) வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவை அமைத்துக்கொண்டு, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். தானியங்கி ஃபோகஸ் கிடையாது. கறுப்பு வெள்ளைப் பிலிம். அவர் படங்களில் விலங்கு தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதுதான் என்னை அவரிடம் திரும்பத் திரும்ப இழுக்கிறது.

*

உப்புக்காற்று. கரை திரும்பியதும் லென்ஸின் உடலை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்துணி. முன்கண்ணாடியில் ஊதுகுப்பியால் ஊதிய பிறகுதான் துணி படலாம், உப்புத்துகள் கீறிவிடும். ஏசி அறையிலிருந்து விடியற்காலையில் கிளம்புகிறவர்கள் அரைமணி நேரம் பையைத் திறக்காமல் வைத்திருந்தால் கண்ணாடி வியர்க்காது. வீட்டில் தோல்பைக்குள் வைக்கக் கூடாது. காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதமானி. 40–50 சதவீதத்தில் முள் நின்றால் போதும்.

*

பழைய லென்ஸ் வாங்குவதானால், குறிப்பாக நம் கடற்கரை ஊர்களில் மழைக்காலங்களைப் பார்த்த லென்ஸ் என்றால், இரண்டு மூடியையும் கழற்றிப் பின்னாலிருந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பார்க்க வேண்டும். தூசி இருந்தால் பரவாயில்லை. உள்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்திநூல்போல வெள்ளை இழை கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.