ஊமையாக நின்ற சிறுவன்

சென்ற கோடையில் ஒரு நாள் ரயில்வே காவலர் ஒருவர் நாம் பணிபுரியும் பார்சல் அலுவலகத்திற்கு வந்து நம்மை அழைத்துச் சென்றார். திருட்டுக் குற்றத்தின் பேரில் பிடிபட்ட பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியவில்லையாம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, அத்தகைய சிறுவனைக் காவல் நிலையக் கொட்டடியில் அடைத்தலாகாது. 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்துதல் வேண்டும். அக்குழுமத்தில் ஒரு நடுவரும் இரு சமூகப் பணியாளரும் உளர். இவையெல்லாம் முறைப்படியே நடந்தன. ஆயின், அவன் தங்கிய கூர்நோக்கு இல்லத்தில் அவனோடு பேச ஆளில்லை. ஒரு வாரம் ஊமைபோல் இருந்தான். மொழிபெயர்ப்பாளருக்கு நிதி இல்லை என்றனர். விடுமுறை நாளில் நாம் சென்று, “தம்பி, சாப்பிட்டாயா?” என்றதும் அழுதுவிட்டான்.

நம் சென்னை மாகாணம் 1920லேயே சிறுவர் சட்டம் இயற்றி ஏனைய மாகாணங்களுக்கு வழிகாட்டியது. இன்று ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில், பெரும்பாலான மாநிலங்களில், நூற்றுக்கு 60 பங்கு மத்திய அரசும் 40 பங்கு மாநில அரசும் ஏற்கின்றன. சட்டம் இருக்கிறது, பணம் வந்து சேர வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர், ஆலோசகர் ஊதியத்திற்கு நிதி ஒதுக்குமாறு மாநில அரசைக் கோரி மாநகராட்சி மன்றம் தீர்மானம் நிறைவேற்றலாம். அதற்கான விண்ணப்பத்தை நம் வட்ட உறுப்பினரிடம் அளிக்கவிருக்கிறோம். அது சங்க அலுவலகத்தில் இருக்கிறது. அன்பர்கள் குடும்பத்துடன் வந்து கையொப்பமிட வேண்டுகிறோம். வழி தவறும் பார்சலுக்காகப் பத்துக் கடிதம் எழுதும் நாம், பிள்ளைக்காக ஒன்று எழுதலாகாதா?