பெண்கள் நேரம்

எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளம் கலங்கியதற்குக் காரணம் பெண்கள்தான் என்று சங்கக் கூட்டத்தில் பேசினார்கள். தலையில் எண்ணெய், சுடிதார்ச் சாயம், "அந்த நாள்லயும் இறங்குறாங்க" என்று ஒருவர் இழுத்தார். யாரும் தடுக்கவில்லை. நானும்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பெண்கள் நேரத்தை எடுத்துவிட்டால் மருந்துச் செலவும் லாரித் தண்ணீர்ச் செலவும் மிச்சமாம்.

பாட்டி ஊர்க் கிணற்றில் அண்ணன்கள் குதித்தபோது கரையில் துணிக்குக் காவல் இருந்தவள் நான். நாற்பத்தாறு வயதில் இந்தக் குளத்தில்தான் மிதக்கக் கற்றேன். அதையும் பறிகொடுப்பதா?

பழைய மகாபலிபுரம் சாலையில் வீடு. குடிப்பதற்குக் கேன், மற்றதற்கு லாரி. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றியபோது, அரிசி களைந்த நீர் செடிக்கு, துணி அலசிய நீர் கழிப்பறைக்கு என்று வாளி வாளியாகக் கணக்கு வைத்தவள் நான். எல்லா வீட்டிலும் பெண்கள்தான் வைத்தார்கள்.

படித்தது வேதியியல். இருபது வருடமாக அது தொட்டித் தண்ணீருக்கு பிளீச்சிங் பவுடர் கரைக்க மட்டும் பயன்பட்டது. மறுநாள் ஒரு சோதனைப் பெட்டி வாங்கிக் குளத்து நீரைப் பிடித்தேன். பிஎச் 8-ஐத் தாண்டியிருந்தது. 7.2-லிருந்து 7.8-க்குள் இருக்க வேண்டும். 8-க்கு மேல் போனால், போட்ட குளோரினில் கால்பங்குகூடக் கிருமியைக் கொல்ல உதவாது. முதல் மாத்திரைக்கு நீர் நிறம் மாறவில்லை. அதாவது வேலை செய்யும் குளோரினே இல்லை. அடுத்த மாத்திரை போட்டதும் ரோஜா நிறம். அது வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்துபோன குளோரின். மூக்கைத் துளைக்கும் அந்த வாடை அதனுடையதுதான்.

குளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடம் கேட்டேன். "வாடை வந்தா மருந்து ஜாஸ்தின்னு குறைக்கச் சொல்றாங்கக்கா" என்றான். தலைகீழ் வைத்தியம்!

எண்ணெயும் குளோரினைத் தின்னும், மறுக்கவில்லை. குளித்துவிட்டு இறங்கினால் போதும். அந்த விதி காலையில் ஓடிவிட்டு வியர்வையோடு நேரே குதிப்பவர்களுக்கும் உண்டுதானே?

செலவையும் போட்டுப் பார்த்தேன். குளம் 30 அடிக்கு 15 அடி. நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே 200 லிட்டருக்கு மேல் போகிறது. மாதத்துக்கு 6,000 லிட்டர், அரை லாரி. யாரும் இறங்காவிட்டாலும் போகும் தண்ணீர் இது. ராத்திரியில் தார்ப்பாய் போட்டு மூடினால் ஓரளவு மிஞ்சும்.

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் நோட்டோடு வாசித்தேன். கை நடுங்கியது. "மேடம், நீங்க கெமிஸ்ட்ரியா?" என்றார் செயலாளர். முன்பு இழுத்தவர் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிட் ஊற்றிப் பிஎச்சை இறக்கி, குளோரினை ஏற்றினார்கள். நான்காம் நாள் அடித்தளத்து ஓடு தெரிந்தது.

பெண்கள் நேரம் தப்பியது. ஆனால் அது பகல் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. காலையும் மாலையும் ஆண்களுக்கு. உச்சிவெயில் குளோரினைத் தின்றுவிடுகிற நேரம் அது என்று அதையும் நோட்டில் எழுதி, மாலை ஐந்து மணி கேட்டிருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.