ஆயுத பூஜைக்கு வண்டி கழுவும் முன் ஒரு பாடம்

 

இன்னும் பத்து நாளில் ஆயுத பூஜை. இந்த வாரக் கடைசியில் உங்களில் பாதிப் பேர் வண்டியைக் கழுவுவீர்கள், செயினைத் துடைப்பீர்கள், மோட்டார் கொட்டகையை ஒட்டடை அடிப்பீர்கள். அதோடு வெகுநாளாகத் தள்ளிப்போட்ட சின்னச் சின்ன ரிப்பேரையும் சேர்த்துப் பார்ப்பீர்கள். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். கேள்வித்தாளில் இரண்டு மார்க் கேள்வியை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போகிறவர்கள் மாதிரிப் பாதியில் போகாமல் கடைசி வரை படியுங்கள்.

"டீச்சருக்கு மெக்கானிக் வேலையில் என்ன தெரியும்?" என்று இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் கேட்கலாம். ஆசிரியப் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, சீனியாரிட்டி வருகிறவரை ஐந்து வருடம் நான் காத்திருந்தேன். அந்த ஐந்து வருடமும் என் பெரியண்ணன் பட்டறையில்தான் கணக்கு எழுதினேன். உறவுக்காரர்களுக்கு அண்ணனைத் தெரியும். எட்டாவது வரை படித்தவர். டிராக்டர், லாரி, ஆயில் எஞ்சின், பம்பு செட் என்று எது வந்தாலும் பார்ப்பார்.

அண்ணனிடம் ஒரு பழக்கம் இருந்தது. பட்டறையில் யாராவது மயிரிழையில் தப்பினால் அன்று சாயங்காலம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை என்னை எழுதச் சொல்வார். அடிபட்டதை எழுத வேண்டாம், அது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், தப்பிச்சதைத்தான் மறந்துடுவானுங்க என்பார். திங்கட்கிழமை காலையில் பையன்களை நிற்க வைத்து அதைப் படிக்கவும் சொல்வார். அந்த நோட்டுகளில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்து சில வரிகளைத் தருகிறேன்:

"லாரி டயர். காத்து புடிக்கிறப்ப லாக் ரிங் தெறிச்சு கொட்டகை ஓட்டைப் பொத்துக்கிட்டுப் போச்சு. பையன் டீ வாங்கப் போயிருந்தான்."

"ரேடியேட்டர் மூடி. சூட்டோட தொறந்தது. ஈரச் சாக்கு மேல கெடந்ததால கை தப்பிச்சுது."

"டீசல் டிரம். காலின்னு வெல்டிங்குக்குக் கொண்டாந்தது. மோந்து பாத்துத் திருப்பி அனுப்பினது."

"பேட்டரி கழட்டுறப்ப ஸ்பேனர் பாடியில பட்டு மோதிரம் பழுத்துப் போச்சு. சோப்புத் தண்ணி ஊத்திக் கழட்டினது."

"மோட்டார் கண்டென்சர். கரண்டு கட் பண்ணி கால் மணி கழிச்சுத் தொட்டும் அடிச்சுது."

அப்போது எனக்கு இவை தனித்தனிச் சம்பவங்களாகத்தான் தெரிந்தன. பிறகு ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கப் போனபோதுதான் எல்லாம் ஒரே பாடம் என்று புரிந்தது. நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் பாடம் நினைவிருக்கிறதா? உண்டிவில்லை இழுத்துப் பிடித்துக் காட்டி, "இப்போது கல் ஓடுகிறதா?" என்று கேட்பேன். "இல்லை டீச்சர்" என்பீர்கள். "அப்படியானால் யாராவது எதிரில் வந்து நில்லுங்கள்" என்பேன். ஒருவரும் வரமாட்டீர்கள். அந்த அறிவு போதும். வண்டியோ மோட்டாரோ நின்றுவிட்டது என்பது வேறு, அதற்குள் இருப்பது அடங்கிவிட்டது என்பது வேறு. பல விபத்துகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கின்றன.

லாரி டயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அளவில் அழுத்தம் இருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது ஓர் இரும்பு வளையம். வளையம் துருப்பிடித்தோ சரியாக உட்காராமலோ இருந்தால் வெடிகுண்டுக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. அதனால்தான் நல்ல டயர் கடைகளில் இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்று அடிக்கிறார்கள். சூடான ரேடியேட்டரும் நம் வீட்டுக் குக்கர் மாதிரிதான். அழுத்தத்தில் இருப்பதால் உள்ளே 100 டிகிரிக்கு மேல் போயும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த உடனே அழுத்தம் இறங்கி அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

டிரம் கதைதான் பலருக்கு நம்பிக்கை வராது. நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்தான் ஆபத்து. எண்ணெய் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. காலியானால் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும், வெல்டிங் பொறி ஒன்று போதும். பெட்ரோல் ஆவி காற்றைவிட எடை கூடியது. கீழே இறங்கித் தரையோடு படர்ந்து, நமக்கு வாசனை தெரியாத மூலையில் இருக்கும் நெருப்பைத் தேடிப் போகும். பேட்டரி 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்பீர்கள். ஷாக் அடிக்காது. ஆனால் ஸ்பேனரால் இரண்டு முனையும் சேர்ந்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். இரும்பையே பழுக்க வைக்கும் கரண்ட்டுக்கு விரல் எம்மாத்திரம்? வேலைக்கு முன்னால் மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றுங்கள். பேட்டரியில் நெகட்டிவ் வயரை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.

இப்போது நம் பக்கத்து வயல்காட்டுக்கு வருகிறேன். மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத காலத்தில் விவசாயிகள் ஆட்டோ சுவிட்ச் போட்டுவிட்டு வீட்டில் படுத்திருப்பார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். வசதிதான். ஆனால் கரண்ட் இல்லாத நேரம் பார்த்துப் பம்பில் கை வைக்கிறவனுக்கு அதுவே எமன். என்னிடம் படித்த இரண்டு பிள்ளைகளின் அப்பா, தண்டுப் பக்கம் தண்ணீர் ஒழுகுகிறது என்று கயிறு மாற்றக் குனிந்தார். கரண்ட் வந்தது. அவர் தோளில் கிடந்த துண்டைத் தண்டு சுற்றி இழுத்துக்கொண்டது. நூல் நைந்த பழைய துண்டு, கிழிந்துவிட்டது. புதுத் துண்டாக இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பிலேயே தகப்பனை இழந்திருக்கும்.

இதற்கு அண்ணன் பட்டறையில் ஒரே சட்டம். மோட்டாரில் கை வைக்கும் முன் மூன்று ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கி உன் சட்டைப் பையில் போட்டுக்கொள். மெயினை இறக்கினால் போதாதா என்றால் போதாது. நீ கிணற்றுக்குள் இறங்கியிருப்பாய், தெரியாமல் ஒருவன் வந்து தூக்கிவிடுவான். கட்டை உன் பையில் இருந்தால் உன்னைக் கேட்காமல் ஒருவராலும் போட முடியாது.

வீட்டிலும் இதே கதைதான். இப்போது எல்லோர் வீட்டிலும் இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயினை ஆஃப் செய்துவிட்டு ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றுகிறோம். மெயின் போனதும் இன்வெர்ட்டர் தானாக வேலைக்கு வந்துவிடும், அதன் லைனில் கரண்ட் அப்படியே இருக்கும். மெயினோடு இன்வெர்ட்டரையும் அணையுங்கள், பிறகு டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தது நினைவிருக்கும். நான் ஓய்வு பெற்ற வருடம் அது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மணிக்கு இவ்வளவு என்று ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினோம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில், இரண்டு முனையிலும் பின் வைத்த வயரால் ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் சொருகினார்கள். மெயினை அணைக்கவில்லை. வீட்டுக்கு வர வேண்டிய கரண்ட் வீட்டிலிருந்து கம்பத்துக்குப் போனது. டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும் பிள்ளைகளே! மேலிருந்து வந்தால் குறைத்துத் தரும், கீழிருந்து போனால் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகக் கூட்டித் தரும். அந்த நேரம் வெளி மாவட்டத்திலிருந்து வந்த மின்வாரியப் பிள்ளைகள் அடுத்த தெருவில் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பி இழுக்கும் முன் சோதித்துப் பார்த்த மூத்த லைன்மேன் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. நமக்காக ஊர் விட்டு வந்து, பள்ளிக்கூடத்தில் படுத்துத் தூங்கி உழைத்தவர்கள் அவர்கள். அவர் சோதிக்காமல் விட்டிருந்தால் நாம் யார் முகத்தில் விழித்திருப்போம்?

அதே நாட்களில் நல்லதொன்றும் பார்த்தேன். சாய்ந்து கிடந்த புளியமரத்தை மெஷினால் அறுக்க ஒரு பெரியவர் வந்தார். வேர் பெயர்ந்த பள்ளத்தில் நாலைந்து குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தன. அவர் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளைகள் வெளியில வராம நான் கயிறு இழுக்க மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். அவரவர் பிள்ளைகளை இழுத்துப்போனபோது முணுமுணுத்தார்கள். அடிமரம் அறுபட்ட நொடியில், மேலே பாரம் இல்லாததால் வேர்க்கட்டை அப்படியே நிமிர்ந்து பள்ளத்துக்குள் தொப்பென்று உட்கார்ந்தது. முணுமுணுத்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

இனி எழுதக் கஷ்டமான பகுதி.

என்னிடம் படித்த ஒருவன் நல்ல மெக்கானிக். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். பதினெட்டு வருட அனுபவம். மினி லாரி ஒன்றை ஜாக்கியில் தூக்கி வைத்திருந்தான். பட்டறையில் ஸ்டாண்டு இல்லாமல் இல்லை, இன்னொரு வண்டிக்கு அடியில் இருந்தது. "ஒரே ஒரு நட்டு, ஒரு நிமிஷம்" என்று உள்ளே போனான். ஜாக்கியில் பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் எண்ணெய். எண்ணெயைத் தாங்குவது ஒரு ரப்பர் வளையம். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டு. இது அவனுக்குத் தெரியாததில்லை, அவனே பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான்.

அவன் வீட்டில் துக்கம் கேட்கப் போனபோது வந்தவர்கள் எல்லோரும் "விதி", "நேரம்" என்றார்கள். நானும் அப்போது மறுத்துப் பேசவில்லை, அது பேசுகிற இடமில்லை. ஆனால் அவன் பெண் கேட்டாள், "அப்பாவுக்குத் தெரியும்தானே டீச்சர், அப்புறம் ஏன் போனாங்க?" என்று. அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தெரியாதவன் பயந்து பயந்து செய்வான், மற்றவனைக் கேட்பான். தெரிந்தவனுக்குத்தான் "ஒரு நிமிஷ வேலை" என்ற நினைப்பு வருகிறது. நூறு தடவை ஒன்றும் ஆகவில்லை என்பதால் நூற்றியோராவது தடவையும் ஆகாது என்று கை நம்பிவிடுகிறது. பைக்கை நடு ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, துணியால் செயினைத் துடைக்கிறீர்களே, அதுவும் இப்படித்தான். துணியின் நுனியைப் பல்சக்கரம் பிடித்தால் விரலை இழுக்க நேரம் இருக்காது. நம் மாணவன் ஒருவன் இரண்டு விரல் இல்லாமல் இன்று ஆட்டோ ஓட்டுகிறான். போன வருடம் பார்த்தபோது, "என் கையை போட்டோ எடுத்துப் போடுங்க டீச்சர், பாத்தாவது திருந்தட்டும்" என்றான். போட்டோ வேண்டாம்ப்பா, எழுதுகிறேன் என்றேன்.

ஆபத்திலிருந்து தப்பினால் நாம் என்ன செய்கிறோம்? சாமிக்குத் தேங்காய் உடைக்கிறோம், திருஷ்டி கழிக்கிறோம். நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் வெளியில் சொல்ல வெட்கப்படுகிறோம். வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களாம்! காசு செலவில்லாமல், ரத்தம் சிந்தாமல் கிடைத்த பாடத்தை அப்படிப் புதைத்துவிடுகிறோம். அண்ணன் பட்டறை முப்பத்திரண்டு வருடம் நடந்தது. அங்கே வேலை கற்ற பையன்கள் எல்லோரும் பத்து விரலோடுதான் வெளியே போனார்கள். அவர் சாமி கும்பிடாதவர் இல்லை. ஆனால் தேங்காய் உடைத்த கையோடு நோட்டிலும் எழுத வைத்தார்.

சரி, வீட்டுப்பாடம். பூஜைக்குள் முடிக்க வேண்டும்.

1. செயின் துடைக்கும்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், சாவி பையில் இருக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றி, பிரஷ் வைத்துத் தேயுங்கள். அப்போதும் பல்சக்கரத்தின் பக்கம் விரல் போகக் கூடாது.

2. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள், சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டகையிலோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

3. மோட்டார் கொட்டகையைச் சுத்தம் செய்யும் முன் ஆட்டோ சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டை மூன்றையும் பையில் போடுங்கள்.

4. பட்டறை வைத்திருக்கும் பிள்ளைகள், நீங்கள் தப்பிய கதை ஒன்றை இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்க்க மாட்டேன், சத்தியம். யாரையும் கேலி செய்யவும் விடமாட்டேன்.

பொரி, கடலை, பூசணிக்காய் வாங்கும்போது வண்டிக்கு இரண்டு ஸ்டாண்டும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அதற்கும் ஒரு பொட்டு வைக்கலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்