தாண்டி வரையில்

சென்ற தை மாதத்தில் நமக்கு அறுபது வயது பூர்த்தியாயிற்று. கலச தீர்த்தத்தில் நனைந்து ஈர வேஷ்டியுடன் நின்றுகொண்டிருந்த சமயத்தில் உறவினர் ஒருவர் அருகில் வந்து, "இனி என்ன, காசிக்கு ஒரு நடை போய் வருவதுதானே?" என்று விசாரித்தார். "போகலாம். ஆனால் ரயிலில் அல்ல, மோட்டார் சைக்கிளில்" என்றோம். அவர் உரக்கச் சிரித்தார். நாம் ஹாஸ்யம் செய்வதாக எண்ணிவிட்டார் போலும். பக்கத்தில் நின்ற நமது சகதர்மிணி மட்டும் சிரிக்கவில்லை. கல்யாணமான நாள் முதலாக, வீடு மாறும்போதெல்லாம் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பழம் புடவையில் சுற்றிப் பரணில் வைத்து வருகிறவள் அவள்தானே!

அந்தப் புத்தகம் 1990-ஆம் வருஷத்தது. அப்பொழுது நம்மோடு ஒரே காரியாலயத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவரும் நாமும் ஆளுக்கொரு பழைய புல்லட் வண்டி வைத்திருந்தோம். இரண்டும் திருவொற்றியூரில் செய்தவை. இங்கிலாந்தில் பிறந்த அந்த வண்டி 1955-ல் சென்னைக்கு வந்தது. பிறந்த ஊரில் பிற்காலத்தில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வந்த ஊரிலோ அது வேரூன்றிவிட்டது. நம்முடைய வண்டியைச் சீமை வண்டி என்று யாராவது சொன்னால் அக்காலத்தில் நமக்குக் கோபம் வரும். இப்பொழுதும் வருவதுண்டு.

சனிக்கிழமை மாலைகளில் கடற்கரை ஓரமாக வண்டிகளை நிறுத்திவிட்டு, போகவேண்டிய இடங்களை எழுதுவோம். இடப் பக்கம் நண்பருடையது, வலப் பக்கம் நம்முடையது. நண்பரின் பக்கம் முழுவதும் அயல்நாடு. இத்தாலியில் ஸ்டெல்வியோ கணவாய்: 1820-களில் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் போட்ட பாதை, ஒரு பக்கத்தில் மட்டும் நாற்பத்தெட்டு கொண்டை ஊசி வளைவுகள். அடுத்தபடி பாமிர் பீடபூமி. அதற்கும் அடுத்தபடி அர்ஜென்டினா தேசத்தில் ஆண்டிஸ் மலையை ஒட்டியே 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் நாற்பதாம் நம்பர் சாலை.

இந்தப் பைத்தியம் அவருக்கு எங்கிருந்து பிடித்தது என்பதும் நமக்குத் தெரியும். ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்க வாலிபர் 1932-ல் லண்டனில் ஒரு விருந்துக்குப் போயிருந்தார். கப்பலேறி ஊர் திரும்பப் போகிறாரா என்று யாரோ கேட்க, "இல்லை, மோட்டார் சைக்கிளில் உலகம் சுற்றிக்கொண்டு போகப் போகிறேன்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார். அதே மேஜையில் டக்ளஸ் மோட்டார் சைக்கிள் கம்பெனியைச் சேர்ந்த ஒருவர் இருந்து, "வண்டி நாங்கள் தருகிறோம்" என்று சொல்லிவிட்டார்! விளையாட்டுக்குச் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுவதற்காக, அந்த மனிதர் துருக்கி, சிரியா, இராக் எல்லாம் கடந்து இந்தியாவுக்கும் வந்து, சீனம், ஜப்பான் வரையில் போனார். ஒன்றரை வருஷம் ஆயிற்று. 1937-ல் புத்தகமும் எழுதினார். நண்பர் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், "ஓய், நம்மை யாராவது அப்படி ஒரு விருந்துக்குக் கூப்பிடமாட்டார்களா?" என்று முடிப்பார். நம்மைக் கூப்பிட்டதெல்லாம் கல்யாண விருந்துகளுக்கே. அங்கே மோட்டார் சைக்கிள் மாப்பிள்ளைக்குத்தான் தருவார்கள்.

வலப் பக்கத்தில் நாம் எழுதியது ஒரே ஒரு பாதை. சென்னையில் புறப்பட்டு, மணாலி போய், அங்கிருந்து லே நகரம். மணாலியிலிருந்து லே செல்லும் வழி 1989-ல்தான் சாதாரணப் பிரயாணிகளுக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது. "சொந்த நாட்டில் இமயமலை இருக்கும்போது ஆல்ப்ஸ் என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்பது நம் கட்சி. "இமயமலை எங்கே ஓடிப்போகிறது? அது இங்கேதானே இருக்கும்!" என்பது அவர் கட்சி. அந்த வாதத்தில் அவர்தான் ஜயித்தார் என்று இன்று ஒப்புக்கொள்ளுகிறோம். இமயமலை ஓடிப்போகவில்லை. வருஷங்கள்தான் ஓடிப்போயின.

ஒரு வருஷம் தங்கையின் விவாகம். ஒரு வருஷம் வீட்டுக் கடன். ஒரு வருஷம் பையனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அவன் படிக்க, நாம் கூடவே விழித்திருந்தோம். நடுவில் கொல்லிமலைக்குப் போய் எழுபது வளைவுகளையும் ஏறி இறங்கினோம். வால்பாறைக்கும் போனோம், அங்கே நாற்பது. 1964-ஆம் வருஷப் புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் 2017-ல் சாலை திறந்தவுடன், அங்கும் போய் நின்று, இருபுறமும் கடலைப் பார்த்துவிட்டு வந்தோம். தெற்கே தரை முடிந்துபோயிற்று. இனி வடக்கேதான் போகவேண்டும் என்று அன்று தோன்றியது நினைவிருக்கிறது.

ஆசை வளர வளரப் படிப்பும் வளர்ந்தது. போய் வந்தவர்கள் எழுதியவற்றை ஒன்றுவிடாமல் படித்தோம். கர்துங் லா கணவாயின் உச்சியில் 18,380 அடி என்று பலகை எழுதிவைத்திருந்தார்களாம். பிறகு கருவி கொண்டு அளந்தவர்கள் 17,582 அடிதான் என்று கண்டார்கள். எண்ணூறு அடி அளப்பு! நம்முடைய மலைகள் உள்ள உயரமே போதாதா? பின்னால் நமது எல்லைச் சாலை அமைப்பினரே உம்லிங் லாவில் 19,024 அடியில் நிஜமாகவே சாலை போட்டார்கள். அதற்குப் பொய்ப் பலகை தேவைப்படவில்லை.

காட்டா வளைவுகள் என்று ஓர் இடம், இருபத்தோரு திருப்பங்கள். அங்கே லாரி ஒன்று பழுதாகி நின்றதாம். டிரைவர் உதவி தேடிப் போனார். வண்டிக்குக் காவலாக இருந்த கிளீனர் பையன் பனி மூடித் திரும்ப ஆள் வருவதற்குள் இறந்துபோனான். இன்றும் அவ்வழியே போகிறவர்கள் அவனுக்கென்று தண்ணீர்ப் புட்டிகளை வைத்துவிட்டுப் போகிறார்கள். அது நடந்த கதையா, கட்டின கதையா என்பதைப்பற்றி நமக்கு அக்கறையில்லை. ஒரு புட்டித் தண்ணீர் நாமும் கொண்டுபோய் வைக்கவேண்டும் என்று மாத்திரம் நினைத்திருந்தோம்.

இந்த நிலையில்தான் மூன்று வருஷத்துக்கு முன் நமக்கு நிமோனியா வந்தது. பிழைத்து எழுந்தோம். அறுபதாம் கல்யாணத்துக்கு மறுவாரம் டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை, படம் எடுத்துப் பார்த்தார். பதினேழாயிரம் அடிக்கு மேலே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான் என்று விளக்கினார். பழைய கார்புரேட்டர் வண்டிகூட அங்கே காற்றுப் போதாமல் கரும்புகை கக்கித் திணறும் என்பது நமக்கு முன்பே தெரியும். வண்டிக்கு ஜெட்டை மாற்றலாம். நுரையீரலுக்கு அந்த வசதி இல்லை. "பதினோராயிரம் அடிக்கு மேல் வேண்டாம்" என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தோம். தங்லங் லா 17,480 அடி, அடித்தோம். பாராலாச்சா லா ஏறக்குறைய 16,000, அதையும் அடித்தோம். கடைசியில், மணாலிக்கு அடுத்தாற்போல் இருக்கிற ரோதங் கணவாயே 13,050 அடி. முதல் படியிலேயே கதவு சாத்தியாகிவிட்டது. அன்று இரவு நமக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை இங்கே ஒளிப்பானேன்?

அதே வாரத்தில் நண்பர் ஜெர்மனியிலிருந்து டெலிபோனில் பேசினார். மகள் வீட்டுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். இரண்டு முழங்காலும் மாற்றி வைத்தாயிற்று. "ஓய், ஸ்டெல்வியோ போய்விட்டேன்!" என்றார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வண்டியிலா?" என்றோம். "மாப்பிள்ளை காரில், பின் ஸீட்டில். வளைவில் குமட்டும் என்று பெண் மாத்திரை கொடுத்தாள். பத்தாவது வளைவுக்குள் தூங்கிவிட்டேன். மேலே போய் எழுப்பினார்கள், காப்பி சாப்பிட்டேன்." சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர், "நீராவது போம்" என்றார்.

டாக்டர் சீட்டைப்பற்றிச் சொன்னோம். "ரோதங்கின்மேல் ஏறினால்தானே? அடியில் போமே!" என்றார். வாஸ்தவம். 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கம் ரோதங் மலையைக் குடைந்து ஒன்பது கிலோமீட்டர் போகிறது. அதன் வாசல்கள் இரண்டுமே ஏறக்குறையப் பதினாயிரம் அடியில்தான் இருக்கின்றன. மலையை ஏறத் தெம்பில்லாதவனுக்காகவே அரசாங்கம் மலையில் வாசல் வைத்தமாதிரி இருந்தது நமக்கு. அந்தப் பக்கம் இறங்கினால் லாஹூல் பள்ளத்தாக்கு. அதில், கேலாங் ஊருக்குச் சற்று முன்னால், ஒரு சிற்றூரில் பெட்ரோல் பங்க் ஒன்று இருக்கிறது. அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அங்கே பல வருஷங்களாக ஒரு பலகை இருந்தது. அதன் படத்தை நாம் நூறு தடவையாவது பார்த்திருப்போம். ஊரின் பெயர் தாண்டி. அவ்வூரார் 'தாந்தீ' என்றுதான் சொல்லுகிறார்களாம். ஆங்கில எழுத்தில் பார்த்த நாம் தமிழாகவே படித்துவிட்டோம். தாண்ட முடியாதவனுக்கு எல்லையாகத் தாண்டி!

சந்திரா என்ற ஆறும் பாகா என்ற ஆறும் அவ்விடத்தில் கலந்து சந்திரபாகா ஆகின்றன. கீழே அதுவே செனாப் நதி. இதை நாம் படித்துக் காட்டியபோதுதான் சகதர்மிணி முதல்முறையாக முகம் மலர்ந்தாள்.

"சங்கமம் என்று முன்னாலேயே சொல்லியிருக்கக்கூடாதா? முப்பது வருஷமாகப் பெட்ரோல், கணவாய் என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்களே! நானும் வருகிறேன்."

"பின் ஸீட்டில் 2,700 கிலோமீட்டர் உட்காரவேண்டும்."

"உங்களோடு இத்தனை வருஷம் உட்கார்ந்தாயிற்று."

ஒரு நாளைக்கு இருநூறு கிலோமீட்டருக்குமேல் ஓட்டுவதில்லை, இருட்டியபின் ஓட்டுவதில்லை, மார்பு படபடத்தால் அந்த இடத்திலேயே திரும்புவது: இவை அவள் போட்ட நிபந்தனைகள். கையெழுத்திட்டோம். ஆடி, ஆவணியில் மணாலிப் பாதையில் மழையும் மண்சரிவும் அதிகம். 2023 ஜூலை வெள்ளத்தில் பியாஸ் நதி அந்தச் சாலையைப் பல இடங்களில் அடித்துக்கொண்டே போய்விட்டது. ஆகையால் புரட்டாசி பிறந்ததும் புறப்படுவதாக இருக்கிறோம். பங்கில் நின்று டெலிபோனில் கூப்பிடவேண்டுமென்று நண்பர் கேட்டுக்கொண்டிருக்கிறார். டாங்கியை நிரப்பிய பிறகல்ல, நிரப்பும்போதே. சத்தம் கேட்கவேண்டுமாம்.

காட்டா வளைவுப் பையனுக்காக ஒரு தண்ணீர்ப் புட்டியை, அந்தப் பக்கம் போகிற யாராவது ஒரு லாரிக்காரரிடம் கொடுத்தனுப்ப உத்தேசம். நேற்று சகதர்மிணி கடைத்தெருவிலிருந்து மூடியுள்ள சிறு பித்தளைச் செம்பு ஒன்று வாங்கிவந்து, சங்கமத் தீர்த்தம் கொண்டுவர இதற்கு வண்டியில் எங்கே இடம் என்று கேட்டாள். டாங்கியின்மேல் கட்டும் பையில், மருந்துப் பெட்டிக்கும் ஸ்பானர்களுக்கும் நடுவே ஒருவிதமாக இடம் செய்திருக்கிறோம்.