இரு புள்ளிகளுக்கு நடுவே

ஆயத்தொலை வடிவியல் என்றாலே முகம் சுளிக்கும் தோழியர் பலர். சூத்திரத்தை மனப்பாடம் செய்து விடைத்தாளில் இறக்கி வைத்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

இவ்வடிவியலுக்கு வழி வகுத்தவர்களுள் முதன்மையானவர் பிரான்சு நாட்டு ரெனே டெக்கார்ட். 1596-இல் பிறந்த இவர், லா ஃப்ளெஷ் என்ற ஊரில் இயேசு சபைக் குருக்கள் நடத்திய கல்லூரியில் பயின்றவர். உடல் நலிந்தவர் என்பதால் காலையில் பிந்தி எழ அங்கே அவருக்கு அனுமதி இருந்ததாம். (எங்கள் விடுதியில் ஐந்து மணிக்கே மணி அடித்துவிடும்!) 1637-இல் வெளிவந்த அவருடைய ‘வடிவியல்’ என்னும் நூல் எண்ணுக்கும் கோட்டுக்கும் உறவு ஏற்படுத்தியது. அதே காலத்தில் பெர்மா என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரரும் தனியே இவ்வழியைக் கண்டார்.

தொலைவுச் சூத்திரம் நமக்குப் புதிதன்று. பிதாகரஸ் தேற்றமே வேறு உடை உடுத்தி வந்திருக்கிறது. இரு புள்ளிகளிலிருந்தும் அச்சுகளுக்கு இணையாகக் கோடு இழுத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். அதன் கர்ணமே நாம் தேடும் தொலைவு. எதிலிருந்து எதைக் கழிப்பது என்று கலங்க வேண்டா. வர்க்கப்படுத்தியதும் குறைக்குறி ஓடிவிடும். நடுப்புள்ளிக்கோ கழித்தல் கூடாது, கூட்டிப் பாதியாக்க வேண்டும். இரண்டு தேர்வுகளில் 60-ம் 80-ம் வாங்கியவளின் சராசரி 70 அல்லவா? அதே கணக்குத்தான்.

இந்த ஆண்டு எங்களுக்கு உண்மையான கணக்கு ஒன்று வந்து சேர்ந்தது. பள்ளியில் புதிதாக ஒரு குடிநீர்க் குழாய் போடுவதென்று முடிவாயிற்று. ‘எங்கே போடலாம்? வரைந்து காட்டுங்கள்’ என்று தலைமைச் சிஸ்டர் எங்கள் வகுப்பிடம் கேட்டார். கொடிக்கம்பத்தை ஆதிப்புள்ளியாகவும் 5 மீட்டரை ஓர் அலகாகவும் கொண்டு மைதானம் முழுவதையும் வரைபடத்தாளில் இறக்கினோம். எங்கள் வகுப்பு வாசல் (2, 3). ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளின் வாசல் (14, 8). வேறுபாடுகள் 12, 5. ஆகவே தொலைவு 13 அலகு, அதாவது 65 மீட்டர். நடுப்புள்ளி (8, 5.5).

அந்த இடத்தில் லூர்து மாதா கெபி இருக்கிறது! மாதாவை நகர்த்தவா முடியும்? மேலும் கெபியைச் சுற்றிப் பூஞ்செடிகள் இருப்பதால் அவ்வழியே எவரும் நடப்பதில்லை. பாதை (14, 3) வரை நேராகச் சென்று, அங்கே திரும்புகிறது. அப்படி நடந்தால் 17 அலகு, 85 மீட்டர். நடைக்கு நடுப்புள்ளி (10.5, 3) ஆகும், இரு பக்கமும் 8.5 அலகு.

இதுதான் நியாயம் என்று எங்களில் பாதிப் பேர் வாதாடினார்கள். ‘ஆறு வயதுக் குழந்தையின் கால் எவ்வளவு, நம் கால் எவ்வளவு?’ என்று மற்றப் பாதியினர் கேட்டார்கள். மார்ச் மாத வெயிலில், செருப்பைக் கழற்றிவிட்டு விளையாடும் பிள்ளைகள் அவர்கள். நாங்களோ வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறவர்கள். இரண்டு நாள் சண்டைக்குப்பின், பாதை திரும்பும் முனையில் உள்ள புங்க மரத்தடியையே எழுதிக் கொடுத்தோம். அங்கிருந்து குழந்தைகளுக்கு 25 மீட்டர், எங்களுக்கு 60. பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார் இன்னும் முணுமுணுக்கிறார்கள். அவர்களும் ஒருமுறை அந்த நிழலில் போய் நிற்கட்டும்.

தண்ணீருக்குப் பாதை தேவையில்லை. மண்ணுக்கடியில் அது நேர்கோட்டில் வரலாம். மேல்நிலைத் தொட்டி இருப்பது (6, 9)-இல். புங்க மரம் (14, 3). வேறுபாடு 8, 6. தொலைவு 10 அலகு, 50 மீட்டர். இருபதடிக் குழாய் எட்டு போட்டால் சற்றுக் குறையும், ஆகவே ஒன்பது வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். குழாய் வேலைக்கு வந்த அண்ணன் எங்கள் தாளை ஏறிட்டும் பார்க்கவில்லை. தம் நாடாவை விரித்து அளந்தார். ஐம்பது மீட்டருக்கு இரண்டு சாண் குறைவு. ‘ஒன்பது லெங்த் வாங்குங்க சிஸ்டர்’ என்றார்.