களப்புப் பாசியும் பெருநாள் சர்பத்தும்

கரைத்தீவுக்குப் போகிறோம் என்று நாம் சொன்னதும் நண்பர் ஒருவர், "விபுலானந்த அடிகள் பிறந்த ஊருக்கா?" என்று மகிழ்ந்து கேட்டார். அடிகள் 1892ஆம் ஆண்டிற் பிறந்தது கிழக்குக் கரையிலுள்ள காரைதீவில். நாம் புறப்பட்டதோ மேற்கே புத்தளத்துக் கரைத்தீவுக்கு. எழுத்திலே ஒரு கால்தான் வித்தியாசம். நிலத்திலே இலங்கையின் குறுக்களவு முழுதும் வித்தியாசம்!

புத்தளம் நகரிலிருந்து வடக்கே, வண்ணாத்திவில்லு வழியாக எலுவன்குளத்தை நோக்கிச் செல்கிறது பாதை. இருமருங்கும் வறண்ட பற்றைக் காடு, இடையிடையே மரமுந்திரிகைத் தோட்டங்கள், தென்னஞ் சோலைகள். மேற்கே திரும்பினால் உப்புக் காற்று முகத்தில் அடிக்கிறது. களப்புக்கு அப்பால் கற்பிட்டிக் குடாநாடு ஒரு மெல்லிய கோடாகத் தெரிகிறது. அந்த நீர்ப்பரப்பின் வட பகுதிகளுக்கு ஒல்லாந்தர் குடா, போர்த்துக்கல் குடா என்று பெயர். வந்தவர்கள் போய்விட்டார்கள், பெயர்கள் மாத்திரம் தண்ணீரில் நிற்கின்றன. அவர்களுக்கும் முன்னதாக, 1344ஆம் ஆண்டில், இப்னு பதூதா இக்கரையில் இறங்கினார். அவர் 'பத்தாலா' என்று குறித்த ஊர் புத்தளமே என்பது அறிஞர் பலரின் கருத்து. வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்தனவாம்.

நாம் போய்ச் சேர்ந்தது நோன்பு மாதத்தின் கடைசி வாரம். எமக்கு அறிமுகமான முதிய தாயார் ஒருவர் எம்மை அன்று மாலை தங்கிப்போகும்படி வற்புறுத்தினார். பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி, அதன்பின் உயர்ந்த கண்ணாடிக் கோப்பைகளில் சர்பத்து வந்தது. பாலும் ரோசாப் பாகும் கலந்த இளஞ்சிவப்பு. அதிலே ஊறிப் பருத்த கசகசா. அடியிலே பளிங்குத் துண்டுகள் போலக் கடற்பாசி. (தமிழகத்து வாசகர்கள் மயங்க வேண்டாம். அங்கே கசகசா என்பது வேறு விதை. இங்கே நாம் அப்பெயரால் அழைப்பதை அங்கே சப்ஜா என்பர்.) பாகிலே கறுவாவின் மணம் இருந்தது. இப்னு பதூதாவை நினைத்துக்கொண்டோம்.

பண்டிகைக்குக் கலவைப் பானம் செய்யும் வழக்கம் உலகெங்கும் உள்ளது. மதுவை விரும்புவோரும் விலக்குவோரும் இதில் உறவினரே என்பதைச் சொற்கள் காட்டிக்கொடுக்கின்றன. சர்பத்து என்பது 'குடித்தல்' எனப் பொருள்படும் அரபு அடியிற் பிறந்தது. ஆங்கிலேயர் பாகுக்கு வழங்கும் 'சிரப்', பழச்சாறும் சர்க்கரையும் ரம்மும் சேர்த்து ஊறவைக்கும் 'ஷ்ரப்' ஆகிய இரண்டும் அதே அடியின் பிள்ளைகள். அதுபோலவே 'அரக்' என்றால் அரபியில் வியர்வை. ஆவி குளிர்ந்து துளித்துளியாய் வடிவதைக் கண்டு வைத்த பெயர் அது. நம் நாட்டுச் சாராயத்துக்கு இன்றும் ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அதுவே.

தென்னம்பாளையின் கதையும் அப்படித்தான். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது குழந்தைகளும் பருகக்கூடிய தித்திப்புச் சாறு. தடவாவிட்டால் காற்றிலுள்ள நொதி உடனே வேலையைத் தொடங்கிவிடும். மாலைக்குள் கள், சில நாளில் காடி. சுண்ணாம்பின் காரத்தில் நொதி வளரமாட்டாது என்பதே சூட்சுமம். அக்கரையிலுள்ள கத்தோலிக்க வீடுகளில் நத்தாருக்கு இஞ்சி, சர்க்கரை, தேசிக்காய்ச் சாறு, சிறிது ஈஸ்ட் சேர்த்துப் போத்தலில் அடைத்து இஞ்சி பீர் செய்வார்கள். நாள் கணக்குத் தவறினால் போத்தல் வெடித்துக் கூரை நனையும். "அங்கேயிருந்து நத்தார்க் கேக் வரும், மகள். இங்கேயிருந்து வட்டிலப்பம் போகும்" என்றார் தாயார், எம்முடன் வந்த இல்லாளிடம்.

ஆனால், எம்மை வியக்கவைத்தது கோப்பையின் அடியிற் கிடந்த அந்தப் பளிங்குத் துண்டுதான். அது கடையிற் பிறந்ததன்று, களப்பிற் பிறந்தது. புத்தளக் களப்பின் ஆழமற்ற நீரில், கல்லையும் சிப்பியையும் பற்றிக்கொண்டு கொத்துக்கொத்தாக வளரும் பாசி அது. 19ஆம் நூற்றாண்டு மருத்துவ நூல்கள் இதனைச் 'சிலோன் மொஸ்' என்ற பெயரால் நோயாளிகளுக்கேற்ற மென்னுணவாகக் குறித்துள்ளன.

களப்பில் எடுத்த பாசி கருஞ்சிவப்பாய், சேறும் உப்புமாய் இருக்கும். நன்னீரில் அலசிப் பாயில் பரப்ப வேண்டும். காய்ந்ததும் மறுபடி நன்னீர் தெளித்து மறுபடி வெயிலிற் போட வேண்டும். இப்படிப் பல நாள் செய்தால் நிறம் வெளிறி, ஈற்றில் பழுத்த முதியவரின் தாடிபோல வெண்மையாகும். பிறகு ஒரு பிடியை நீரில் நெடுநேரம் கொதிக்கவைத்து, துணியில் வடித்து, பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தட்டில் ஊற்றினால், 40 பாகை அளவுக்கு ஆறும்போதே இறுகிவிடும். இறுகியதை மீண்டும் உருக்க ஏறத்தாழ 85 பாகை வெப்பம் வேண்டும். ஆகவே பனிக்கட்டி இல்லாத காலத்திலும் புத்தளத்து வெயிலில் இது கட்டியாகவே நின்றது. விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கும் ஜெலற்றின் அந்த வெயிலில் கரைந்து ஓடிவிடும். இந்த வீடுகளில் அதற்கு இடமும் இல்லை.

மாணவர்கள் இதைக் கேட்க வேண்டும். 1880களின் தொடக்கத்தில் ஜெர்மனியில், ரொபேட் கொக் அவர்களின் ஆய்வுகூடத்தில் கிருமிகளை வளர்க்கப் பயன்படுத்திய ஜெலற்றின் கோடையில் உருகி ஆய்வைக் கெடுத்தது. அங்கே பணிசெய்த வால்ட்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபன்னி ஹெஸ்ஸே, பாசிக்கூழைப் பயன்படுத்தும்படி யோசனை சொன்னார். இனிப்புப் பண்டம் செய்யும்பொருட்டு, ஜாவாவில் வாழ்ந்த நண்பர் வழியாக அவர் அறிந்திருந்த சமையலறைச் செய்தி அது. இன்று உலகின் எந்த வைத்தியசாலை ஆய்வுகூடத்திலும் அந்தக் கூழ்த் தட்டு இருக்கிறது.

தாயார் ஒரு தகரப் பேணியைத் திறந்து காட்டினார். அடியிலே இரண்டு பிடி இருக்கும். "முந்தியெல்லாம் சாக்குச் சாக்காக வரும். இப்ப இவ்வளவுதான்." அது ஏன் என்று அவர் சொல்லவில்லை. 1980கள் தொடங்கி இக்களப்பைச் சூழ எழுந்த இறால் பண்ணைகளுக்காகக் கண்டற் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டதை நாம் அறிவோம். கலா ஓயாவின் முகத்துவாரத்தில் எஞ்சி நிற்கும் அடர்ந்த கண்டற் காட்டை அன்று காலையில்தான் பார்த்து வந்திருந்தோம். நீர் கலங்கினால் பாசிக்கு வெளிச்சம் எட்டாது.

புத்தளத்தில் படிக்கும் பேத்தி குறுக்கிட்டாள். "உம்மும்மா, கடையில பொட்டலம் இருக்கே. பத்து நிமிசத்தில காய்ச்சிடலாம்."

"பொட்டலத்தில களப்பு வாசம் இருக்குமா, புள்ளே?"

நியாயத்தைச் சொன்னால், பேத்தியின் பக்கமும் உண்மை உண்டு. பொட்டலத்திலுள்ளதும் பாசியிலிருந்து வடித்ததே. எனினும் இரண்டையும் உண்டவர் பாட்டியின் பக்கமே வாக்களிப்பர். நாமும் அவ்வாறே வாக்களித்தோம். அதற்குப் பரிசுபோல ஒரு பிடிப் பாசியைச் செய்தித்தாளிற் பொதிந்து தந்தார்.

வீடு வந்ததும் அதிற் பாதியைக் காய்ச்சினோம். புளிப்புச் சுவை வேண்டுமென்று, கொதிக்கும்போதே தேசிக்காய்ச் சாற்றைப் பிழிந்தோம். விடியும்வரை காத்தும் அது தண்ணீராகவே கிடந்தது. தொலைபேசியில் முறையிட்டபோது மறுமுனையில் ஒரே சிரிப்பு. "அடுப்பிலயா புளி விட்டீங்க? புளியோட கொதிச்சால் பாசி செத்துப்போகும். இறக்கி, சூடு தணியக்குள்ள விடணும், மகள்."

அளவு கேட்டோம். தாயார் பதில் சொல்லுமுன் பேத்தி தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். "அரைப் பிடிக்கு நாலு கோப்பைத் தண்ணி, மாமி. பாதியாய் வத்தினதும் வடிக்கணும். துணியை நல்லா முறுக்கிப் பிழியுங்க, கடைசியா வாறதுதான் கெட்டி" என்றாள்.