எல்லில் தொடங்கும் எட்டு

பாங்காக். வணிக வளாகம் ஒன்றின் மேல்தளம். கீழ்த்தளங்களில் தள்ளுபடிக் கூட்டம். மேலே மடக்கு மேசைகள், வரிசை வரிசையாக. ஒவ்வொரு மேசையிலும் ஒரு ஸ்க்ராபிள் பலகை, ஒரு துணிப்பை, ஒரு கடிகாரம். எதிரெதிரே இரண்டு பேர்.

பலகையில் 225 கட்டங்கள். பையில் 100 காய்கள். கடிகாரத்தில் ஆளுக்கு 25 நிமிடம்.

சுவரோரம் கழிப்பறைக்கு வழிகாட்டும் பலகை. தாய் மொழியில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. இரண்டுக்கும் மேலே பெரிதாகப் படம்.

பேச்சில்லை. பைகள் குலுங்குகின்றன. பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை அள்ளுகிற சத்தம்.

கடைசி வரிசை, ஓர மேசை. வெள்ளைச் சட்டை, கருநீலப் பாவாடை, கட்டை முடி. பள்ளிக்கூடத்துப் பெண், பதினாலு வயது இருக்கலாம். எதிரே நரைத்த மனிதர். மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்குகிறது. ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்துச் சொல்கிறார். மழையைப் பற்றியும் ஒரு வாக்கியம். பெண் கைகூப்புகிறாள். அவரும் அவசரமாகக் கைகூப்புகிறார். இருவருக்கும் பொதுவான மொழி அத்துடன் தீர்கிறது.

இனி ஆங்கிலம் பலகையில்தான்.

பையைக் கண் மட்டத்துக்கு மேல் தூக்குகிறாள். முகம் வேறு பக்கம் திரும்புகிறது. விதி அப்படி. காய்களின் முகம் வழவழப்பு. எழுத்து செதுக்கியிருந்தால் விரல்நுனி படித்துவிடும். இங்கே ஆட வருகிறவர்களை எவ்வளவு தூரம் நம்புகிறார்கள் என்று அந்த வழவழப்பைத் தடவினால் தெரியும்.

ஏழு காய்கள் தாங்கியில் ஏறுகின்றன. ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி. எல்லாம் ஒரு புள்ளிக் காய்கள். ஏழைகள். ஆனால் கூட்டுச் சேரத் தெரிந்தவர்கள்.

விரல் நகர்த்துகிறது. ரெட்டினாஸ்: விழித்திரைகள். நகர்த்துகிறது. ரெட்சினா: பைன் பிசின் மணக்கும் கிரேக்க ஒயின். மறுபடி. ஸ்டியரின்: மெழுகுவர்த்திச் சரக்கு. நாஸ்டியர். ரீட்டெய்ன்ஸ். ஸ்டெய்னர். அதே ஏழு காய்கள். சொற்கள் பத்துக்கு மேல்.

பலகையில் ஒன்றுக்கும் இடமில்லை.

கயிற்றுக்கு அப்பால் பயிற்சியாளர் நிற்கிறார். கையில் ஒரு நீள நோட்டு. பக்கத்துக்கு மூன்று பத்தி. ஏழெழுத்து, எட்டெழுத்து. சொல்லுக்குப் பக்கத்தில் பொருள் எழுதும் இடம் இல்லை. எழுதினால் பக்கம் வீணாகும். 2003இல் கோலாலம்பூரில் உலகப் பட்டம் வாங்கிய பனுபோல் சுஜ்ஜயாகோர்ன் இந்த நாட்டுக்காரர். நோட்டின் அட்டையில் ஒரு தாடிக்காரர் படம் ஒட்டியிருக்கிறது. நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ். 2015இல் பிரெஞ்சுப் போட்டியிலும் உலகப் பட்டம் வாங்கியவர். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது.

நியூயார்க். ஜாக்சன் ஹைட்ஸ். 35ஆவது அவென்யூவும் 81ஆம் தெருவும் சந்திக்கும் முனை. தெருப்பெயர்ப் பலகையில் ஒவ்வோர் எழுத்தின் காலடியிலும் ஒரு சின்ன எண். பக்கத்தில் ஒரு தேவாலயம். 1930களில் வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ் தாம் புதிதாக உருவாக்கிய இந்த விளையாட்டை ஆடிப் பார்த்தது அங்கேதான். செய்தித்தாளை விரித்து எழுத்தெழுத்தாக எண்ணியவர். செய்தியை அல்ல. ஈ அடிக்கடி வருகிறது, 12 காய். க்யூ எப்போதாவது வருகிறது. ஒரே காய், 10 புள்ளி. எஸ் பெரும்பாலான பெயர்ச்சொற்களின் வாலில் ஒட்டிக்கொண்டு பன்மையாக்கிவிடும். அதனால் நாலோடு நிறுத்திவிட்டார்.

பாங்காக். இரண்டாம் வரிசை. ஓர் இளைஞனின் கையில் ஐ இரண்டு. முகம் சுளிக்கிறது. ஒரு காயை வைக்கிறான், இன்னொன்று, இன்னொன்று. இட்லி. நாலெழுத்து, 5 புள்ளி. ஐ இரண்டும் ஒழிந்தன. எதிராளி வாலில் ஒரு எஸ் வைக்கிறாள். இட்லிஸ். சட்னி கேட்பார் இல்லை.

நடு வரிசையில், எதிராளி வைத்த சொல்லைச் சந்தேகித்து ஒரு கை உயர்கிறது. கடிகாரம் நிற்கிறது. மேசை முனையில் மடிக்கணினி. இருவரும் எழுந்து போகிறார்கள். ஒருவர் தட்டச்சு செய்கிறார். மற்றவர் எழுத்துக் கூட்டிச் சரிபார்த்து விசையை அழுத்துகிறார். திரை சிவக்கிறது.

காரணம் சொல்வதில்லை. பொருள் சொல்வதில்லை. சிவப்பு, அவ்வளவுதான். வைத்த காய்கள் ஒவ்வொன்றாகத் தாங்கிக்குத் திரும்புகின்றன.

ஓர மேசை. பெண்ணின் கடிகாரத்தில் 6 நிமிடம். நரைத்தவர் தாளில் அச்சிட்ட எழுத்துகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருக்கிறார். வெளியே வந்தது எது, பைக்குள் இருப்பது எது. பலசரக்குக் கடைக்காரர் சிட்டையில் அடிக்கிற அதே கோடு.

பலகையின் மேல் விளிம்பில் ஒரு எல். அதற்குக் கீழே ஏழு கட்டங்கள் காலி.

ஏழு காய்கள் கையில். எட்டாவது பலகையில். எட்டெழுத்துச் சொல் வேண்டும். எல்லில் தொடங்க வேண்டும்.

இமை தாழ்கிறது. உதடு அசைகிறது, சத்தமில்லாமல். என்ட்ரெயில்ஸ் ஆகாது, எல் ஏழாவதாக வருகிறது. ஸ்லான்ட்டியர் ஆகாது, இரண்டாவது. ராட்லைன்ஸ் ஆகாது, நாலாவது. சுட்டுவிரல் காற்றில் மேலிருந்து கீழே இறங்குகிறது, நோட்டில் பத்தி பார்ப்பதுபோல. பாதியில் நிற்கிறது.

காய்கள் இறங்குகின்றன. ஏ. டி. ஆர். ஐ. என். ஈ. எஸ்.

லேட்ரின்ஸ்.

கழிப்பிடங்கள்.

நரைத்தவர் கண்ணாடியை மாட்டுகிறார். வாசிக்கிறார். வாய் ஓரம் ஒரு தடவை துடிக்கிறது. பெண்ணின் முகத்தைப் பார்க்கிறார். அங்கே கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டு எழுத்துக்கு எட்டு. இரண்டு எழுத்து மும்மடங்குக் கட்டத்தில், இன்னும் நாலு. ஏழு காயும் ஒரே வீச்சில் போனதற்கு 50. அவள் தாளில் 62 எழுதுகிறாள். கடிகாரத்தை அழுத்துகிறாள்.

அவர் கை உயரவில்லை. சொல் சரியானது. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த சொல்லாக இருக்கும். அவரும் 62 எழுதுகிறார்.

கயிற்றுக்கு அப்பால் நோட்டு ஒரு தடவை மூடித் திறக்கிறது.

அடுத்த பத்து நிமிடம் சின்னச் சொற்கள். இரண்டெழுத்து, மூன்றெழுத்து. சந்து பொந்துகளில். க்யூவும் ஐயும் சேர்ந்து கடைசிவரை கிடந்த கட்டம் ஒன்றில் உட்காருகின்றன. பை தட்டையாகிறது. பெண்ணின் தாங்கி காலி.

தாள்கள் கைமாறுகின்றன. கையெழுத்து. கைகூப்பல். இந்தத் தடவை அவர் முந்திக்கொள்கிறார். பிறகு அந்த நீளச் சொல்லின்மேல் விரலை வைத்து ஆங்கிலத்தில் ஏதோ சொல்லித் தருகிறார். பெண் தலையாட்டுகிறாள். சிரிக்கிறாள். பாராட்டுக்குச் சிரிக்கிற சிரிப்பு.

எழுந்து சுவரோரம் போகிறாள். வழிகாட்டிப் பலகையின் கீழே நடக்கிறாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

நரைத்தவர் காய்களைக் கூட்டுகிறார். ஐந்துக்கு ஐந்து ஒரு சதுரம். நாலு சதுரம் சேர்ந்தால் 100. மூன்று சதுரம் நிறைகிறது. நாலாவதில் ஒரு மூலை காலி.

பையை உதறுகிறார். தாங்கியைத் தூக்குகிறார். நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குனிகிறார். முழங்கால் தரையில்.

மேசைக்காலின் ஓரம் ஒரு வெள்ளைக் காய். எடுத்துப் பார்க்கிறார். எழுத்தில்லை. புரட்டுகிறார். அந்தப் பக்கமும் இல்லை. மூலையில் வைக்கிறார்.